சுவரைத் தட்டிப் பேசிய பெண்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'சிறையும் பெண்ணும்' என்று பொதுவாகத்தான் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். சோவியத் முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிய பெண்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "இதை நாம ஏன் பேசணும்? எதிரி கையில நாமளே கத்திய எடுத்துக் குடுக்குற மாதிரி ஆயிடாதா?"

நல்ல கேள்வி. ரொம்பப் பழைய கேள்வியும்கூட. நான் பேசப்போகிற பெண்கள் எல்லோரிடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் பதிலை நான் முதலில் சொல்லப்போவதில்லை. அவர்கள் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நம்மில் பலருக்கு ரஷ்யா என்பது புத்தகமாக வந்த நாடு. கெட்டி அட்டை, நல்ல தாள், கைக்கு அடக்கமான விலை. கார்க்கியின் 'தாய்' ரகுநாதன் மொழிபெயர்ப்பில் எத்தனை பேரை இயக்கத்துக்கு இழுத்து வந்தது! குடிகாரக் கணவனிடம் அடிபட்டே வாழ்ந்த ஒரு பெண். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவள். மகனுடைய பேச்சை அச்சடித்த துண்டறிக்கைகளோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள், ஜாரின் போலீஸ் அவளைப் பிடிக்கிறது. அந்த முடிவைப் படித்துவிட்டுத் தூங்காதவர்கள் இந்த அறையிலேயே இருப்பீர்கள்.

அதே கார்க்கி 1929 ஜூன் மாதம் சொலவெத்ஸ்கித் தீவுகளுக்குப் போனார். வெள்ளைக் கடலில் இருக்கிற பழைய கிறிஸ்தவ மடம் அது. அதைத்தான் சோவியத் அரசு முதல் பெரிய முகாமாக ஆக்கியிருந்தது. கார்க்கி சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து மெச்சி எழுதினார். அந்தத் தீவில் பெண் கைதிகளும் இருந்தார்கள். 'தாய்' எழுதிய கை அவர்களைப் பற்றி ஒன்றும் உருப்படியாக எழுதவில்லை.

ஆனால் கார்க்கியின் வீட்டிலிருந்தே இன்னொருவர் வருகிறார். எகத்தெரினா பெஷ்கோவா. கார்க்கியின் மனைவி, பல வருஷங்களுக்கு முன்பே பிரிந்து வாழ்ந்தவர். அரசியல் கைதிகளுக்கு உதவும் குழு ஒன்றை 1938 வரை அவர் நடத்தினார். கைதிகளின் குடும்பங்கள் எழுதிய மனுக்களை வாங்குவது, ஆள் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்வது, ரொட்டியும் துணியும் அனுப்புவது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு ஜன்னல், ஒரு மேசை, வரிசையில் நிற்கும் தாய்மார்கள். உலகம் முழுக்கக் கார்க்கியின் பெயர் தெரிகிறது. பெஷ்கோவாவின் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நான் இன்று பேசுவது அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி, அந்த வரிசை எதற்காக நின்றதோ அந்தச் சிறைகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி.

*

முதலில் எவ்கேனியா கின்ஸ்பர்க். 1904இல் பிறந்தவர். கஸான் நகரத்தில் ஆசிரியர், பத்திரிகையாளர், கட்சி உறுப்பினர். கணவர் அந்த நகர சோவியத்தின் தலைவர். இரண்டு பையன்கள். 1937 பிப்ரவரியில் கைது செய்தார்கள். குற்றம் என்ன? எல்வோவ் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர், உடன் வேலை செய்தவர். அவரைத் திரோத்ஸ்கியவாதி என்று முத்திரை குத்தியிருந்தார்கள். இந்த அம்மா அவரை அம்பலப்படுத்தவில்லை, கண்டிக்கவில்லை. அதாவது செய்தது குற்றம் இல்லை, செய்யாதது குற்றம். வாயைத் திறக்காததற்குத் தண்டனை.

1937 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாஸ்கோவில் விசாரணை. மொத்தம் 7 நிமிஷம். பத்தாண்டு தனிமைச் சிறை. மரண தண்டனை வரும் என்று எதிர்பார்த்துப் போனவர், உயிர் மிஞ்சியதே என்று அந்தக் கணத்தில் சந்தோஷப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். ஒரு அரசு தன் குடிமகளை எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள். பத்து வருஷம் ஜெயில் என்றதும் மனசு குளிர்ந்து போகிற இடத்தில்.

அதற்கு முன்னால், கஸான் சிறையில் நடந்த ஒன்றைச் சொல்லணும். பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டும் சத்தம் வருகிறது. நிறுத்தி நிறுத்தி, ஒரு கணக்கோடு. இவருக்குப் புரியவில்லை. நாள் கணக்காக யோசிக்கிறார். சட்டென்று ஒரு புத்தகம் ஞாபகம் வருகிறது. வேரா பிக்னரின் நினைவுக் குறிப்புகள். ஜார் காலத்துப் புரட்சிக்காரி அவர். ஷ்லிஸ்ஸெல்பர்க் கோட்டையில் 20 வருஷம் கிடந்தவர். கைதிகள் எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரித்து, வரிசைக்கு இத்தனை தட்டு, எழுத்துக்கு இத்தனை தட்டு என்று பேசிக்கொண்ட முறையை அவர் எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை மனசில் தேடி எடுத்துத்தான் கின்ஸ்பர்க் பக்கத்து அறைக்காரரோடு பேசக் கற்றுக்கொண்டார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும். ஜாரின் சிறையில் ஒரு புரட்சிக்காரி கற்ற வித்தை, புரட்சி கட்டிய சிறையில் இன்னொரு கம்யூனிஸ்ட் பெண்ணுக்குப் பயன்படுகிறது. பிக்னர் அப்போது செத்துப்போகவும் இல்லை. 1942 வரை மாஸ்கோவில் உயிரோடு இருந்தார். அவருக்கு மரியாதை செய்தார்கள். அவர் புத்தகத்தை அச்சடித்த அரசேதான் அதைப் படித்த பெண்ணை உள்ளே போட்டது.

*

இரண்டாவது விஷயம். இதைத்தான் நாம் குறிப்பாகக் கேட்கணும்.

1937 ஆகஸ்ட் 15ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. எண் 00486. 'தாய்நாட்டுத் துரோகி' என்று தண்டிக்கப்பட்டவனின் மனைவியைக் கைது செய். 5 முதல் 8 ஆண்டு வரை முகாமுக்கு அனுப்பு. அவள் என்ன செய்தாள் என்ற கேள்வி இல்லை. மனைவியாக இருந்தாள். கைக்குழந்தை இருந்தால் கூடவே கொண்டுபோகலாம், ஒரு வயது ஒன்றரை வயது ஆனதும் பிரித்துவிடு. மற்றக் குழந்தைகளை அரசு விடுதியில் போடு. 15 வயதுக்கு மேலே போன பிள்ளை 'சமூகத்துக்கு ஆபத்தானது' என்று பட்டால் அதையும் முகாமுக்கோ சீர்திருத்தக் காலனிக்கோ அனுப்பு. ஒரு விதிவிலக்கு: கணவனைத் தானே காட்டிக்கொடுத்தவளைக் கைது செய்ய வேண்டாம்.

'துரோகியின் குடும்ப உறுப்பினர்' - இது வசவு இல்லை தோழர்களே, சட்டத்தில் ஒரு வகை. கைதியின் கோப்பில் குற்றம் என்ற இடத்தில் அந்த வார்த்தைகளின் முதல் எழுத்துகளை எழுதினார்கள். கஜகஸ்தானில், இன்றைய அஸ்தானா நகரத்துக்குப் பக்கத்தில், இந்தப் பெண்களுக்கென்றே ஒரு முகாம். அக்மோலின்ஸ்க் முகாம். அங்கே மந்திரிகளின் மனைவிகள், ராணுவத் தளபதிகளின் மனைவிகள், நடிகைகள், டாக்டர்கள் எல்லோரும் நாணல் வெட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள், துணி தைத்தார்கள்.

மகன் அப்பனுக்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 1935 டிசம்பரில் ஸ்டாலின் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஆணை. சொன்னது ஒன்று, கோப்பில் எழுதியது இன்னொன்று.

யாருக்குப் பிறந்தாய், யாரோடு குடும்பம் நடத்தினாய் என்பதற்காகத் தண்டனை. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சாதிக்கு ஆணை எண் கிடையாது, தேதி கிடையாது, விடுதலைத் தேதியும் கிடையாது. சோவியத் ஆணைக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் வந்தது. ஆனால் ஒன்று கவனிக்கணும். பிறப்பால் வரும் எல்லா வித்தியாசத்தையும் ஒழிக்கிறேன் என்று சொல்லி வந்த அரசு, பயம் பிடித்ததும் கையில் எடுத்த முதல் கருவி ரத்த உறவுதான். குலாக்கின் மகன், பாதிரியின் மகள், துரோகியின் மனைவி. வடகொரியாவில் இது இன்னும் இறுகியது. அங்கே பாட்டன் 1940களில் என்னவாக இருந்தான் என்பதை வைத்துப் பேரனை நம்பகமானவன், ஊசலாடுபவன், பகைவன் என்று மூன்றாகப் பிரித்தார்கள். படிப்பு, வேலை, வசிக்கும் ஊர் எல்லாமே அதைப் பொறுத்து. இதுக்கு நம்ம ஊரில் என்ன பெயர்?

அக்மோலின்ஸ்க் பற்றி அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். பக்கத்து கஜக் கிராமத்துப் பெரியவர்களும் பிள்ளைகளும் வேலி ஓரமாக வந்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள்மேல் வெள்ளைக் கற்களை எறிந்தார்களாம். பார்த்தீர்களா, ஜனங்களே உங்களை வெறுக்கிறார்கள் என்று காவலாளிகள் சிரித்தார்களாம். தடுக்கி விழுந்த ஒரு பெண்ணுக்குக் கல்லில் பால் வாசனை வந்தது. அது கல் இல்லை, 'குர்த்' என்கிற காய்ந்த தயிர்க்கட்டி. கஜக் மக்கள் அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1930 முதல் 1933 வரை, கூட்டுப் பண்ணைத் திணிப்பால் வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 15 லட்சம் பேரை இழந்திருந்தார்கள். பட்டினி கண்ட கை எறிந்த கல் அது.

*

சரி, 'மீண்டு வந்தார்கள்' என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? மன உறுதியால் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்னால் செத்தவர்களுக்கு உறுதி இல்லை என்று ஆகிவிடும். அது அநியாயம்.

முகாம் எப்படி வேலை செய்தது என்று பார்க்கணும். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளவு. அந்த அளவை முடித்தால் இவ்வளவு ரொட்டி, முடிக்காவிட்டால் குறைச்சல். குறைந்த ரொட்டி தின்றவள் மறுநாள் இன்னும் குறைவாக வெட்டுவாள், ரொட்டி இன்னும் குறையும். இந்தக் கணக்கில் வட்டி சாவு. கோலிமாவில் எல்கென் என்ற இடத்தில் பெண்கள் முகாம். அந்தப் பெயருக்கு யாகூத் மொழியில் உயிரற்றது என்று பொருள் என்கிறார் கின்ஸ்பர்க். அங்கே அவர் மரம் வெட்டினார். இரண்டு பெண்களுக்கு ஒரு ரம்பம். பிழைத்தது எப்படி என்றால், யாரோ ஒரு டாக்டர் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொண்டார், யாரோ ஒருத்தி சமையற்கட்டுக்கு மாற்றிவிட்டாள். தற்செயல்தான். கின்ஸ்பர்க் இதை மறைக்கவில்லை.

முகாமிலும் மேல் கீழ் உண்டு. கொலை, கொள்ளையில் வந்தவர்களை அரசு 'சமூக அளவில் நெருக்கமானவர்கள்' என்றது. அரசியல் கைதிகள் 'மக்கள் விரோதிகள்'. லேசான வேலை, அடுப்புக்குப் பக்கத்துப் படுக்கை எல்லாம் முதல் வகைக்கு. பெண்ணுக்கு இதற்கும் கீழே ஒரு அடுக்கு. ரொட்டிக்கு உடம்பைக் கேட்ட மேஸ்திரிகள், காவலாளிகள். பசியில் சம்மதித்ததைச் சம்மதம் என்று எந்த அகராதியில் எழுதுவது?

எல்கெனில் குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. முகாமில் பிறந்த குழந்தைகள். தாய்மார் காவலோடு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். கின்ஸ்பர்க் அங்கே சில காலம் தாதியாக வேலை பார்த்தார். நாலு வயசுப் பிள்ளைகள்கூட ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசின. ஒருநாள் ஒரு வீடு வரைந்து காட்டி இது என்ன என்றார். பிள்ளைகள் சொன்ன பதில்: பாரக். கைதிக் கொட்டடி. பூனை வரைந்தார். அது என்னவென்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, பூனையைப் பார்த்ததே இல்லை. முகாமைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கேள்வி. எழுதி வைத்தவர்கள் யார்? படித்தவர்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களில் படிக்காத பெண்கள் எத்தனையோ பேர். கின்ஸ்பர்க் புத்தகத்திலேயே ஒரு கிழவி வருகிறாள், கூட்டுப் பண்ணைக்காரி. திரோத்ஸ்கியவாதி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளுக்கு அந்தச் சொல்லே பிடிபடவில்லை. டிராக்டர் சம்பந்தமான ஏதோ ஒன்று என்று நினைக்கிறாள். நான் டிராக்டர் கிட்டேயே போனதில்லையே, கிழவிகளை யாரு டிராக்டரில் ஏத்துறாங்க என்று கேட்கிறாள். அறையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை. தன் வாயால் உச்சரிக்கவே முடியாத ஒரு வார்த்தைக்காக ஜெயிலுக்குப் போகிறவள் அவள். சட்டத்தின் மொழி தெரியாதவள்மேல் சட்டம் எப்படி இறங்கும் என்பதை, கோர்ட்டு வாசலில் நம் ஆத்தாமார் நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லணுமா?

இன்னொரு காட்சி. வொரொனேஷ் பக்கத்து விவசாயிப் பெண்கள், மதப்பற்று உள்ளவர்கள். ஈஸ்டர் அன்று மட்டும் வேலை செய்ய மாட்டோம், அந்த வேலையை மற்ற நாளில் சேர்த்துச் செய்கிறோம் என்றார்கள். பனிக்கட்டிமேல் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். அவர்கள் ஜெபப் பாட்டைப் பாடிக்கொண்டு நின்றார்கள். சுற்றி நின்ற படித்த அரசியல் கைதிகள் விவாதித்தார்களாம், இது மூடத்தனமா, மனசாட்சியா என்று. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன் இல்லை. ஆனால் அந்த விவாதத்தில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி பெயரும் நமக்குத் தெரியாது. கின்ஸ்பர்க் எழுதியதால் அவர்கள் நின்றது மட்டுமாவது தெரிகிறது.

*

நான் கவிதை எழுதுகிறவன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பெண்கள் கவிதையை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது.

1939இல் யரஸ்லாவல் சிறையிலிருந்து கின்ஸ்பர்க்கையும் மற்றவர்களையும் சரக்கு வண்டியில் ஏற்றி விளாதிவொஸ்தோக் அனுப்பினார்கள். ஒரு பெட்டியில் 76 பெண்கள். பெட்டியின் வெளியே 'விசேஷ உபகரணம்' என்று எழுதியிருந்தது. ஒருத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு குவளைத் தண்ணீர். குடிக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பயணத்தில் கின்ஸ்பர்க் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தை ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். வெளியே நின்ற காவலாளி, உள்ளே திருட்டுத்தனமாகப் புத்தகம் இருக்கிறது என்று பாய்ந்து வந்தான். இல்லை என்றதும், அப்படியானால் அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல் பார்க்கலாம் என்றான். சொன்னார்.

வெளியே இருந்தவர்களுக்கும் அதே வழிதான். கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் லெனின்கிராட் சிறையில். 17 மாதம் சிறை வாசல் வரிசையில் நின்ற அனுபவத்தை அவர் கவிதையாக்கினார். காகிதத்தில் வைத்திருக்க முடியாது. சிநேகிதி லீதியா சுகோவ்ஸ்கயா வந்தால் ஒரு துண்டில் எழுதிக் காட்டுவார். அவர் மனப்பாடம் செய்ததும் துண்டை எரித்துவிடுவார். 1963இல்தான் அந்த நூல் வெளிநாட்டில் அச்சேறியது. அவர் நாட்டில் 1987இல். அதுவரை அது சில பெண்களின் தலைக்குள் இருந்தது.

1953இல் ஸ்டாலின் செத்ததோடு எல்லாம் முடியவில்லை. இரினா ரதுஷின்ஸ்கயா 1954இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர். கவிதை எழுதியதற்காகவும் மனித உரிமை வேலைக்காகவும் 1982இல் கைது. 7 வருஷம் கடுங்காவல், அதற்குப் பிறகு 5 வருஷம் நாடுகடத்தல். மொர்தோவியாவில் பராஷெவோ என்ற ஊரில் பெண் அரசியல் கைதிகளுக்கென்று வேலி போட்ட சின்ன இடம். அங்கே வேலை, கையுறை தைப்பது. எழுதத் தடை. அவர் சோப்புக் கட்டியில் தீக்குச்சியால் கவிதையைக் கீறுவார். மனசில் பதிந்ததும் கையைக் கழுவுவார். கவிதை தண்ணீரோடு போய்விடும். சோதனைக்கு வருகிறவன் சோப்பைப் பார்ப்பான், சோப்புதான் இருக்கும். பிறகு சிகரெட் தாளில் நுணுக்கி எழுதி வெளியே கடத்தினார்கள்.

அந்தச் சின்ன இடத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியான ஒருத்தியைத் தண்டனை அறையில் போட்டால் மற்றவர்கள் உண்ணாவிரதம் இருப்பார்கள். பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்த மறுத்தார்கள். ரஷ்யர், உக்ரைனியர், எஸ்தோனியர், லித்துவேனியர். ஒருத்தி கத்தோலிக்கர், இன்னொருத்தி பெந்தெகொஸ்தே, வேறொருத்திக்குச் சாமியே கிடையாது. எல்லோரும் ஒரே கொள்கைக்கு வந்த பிறகு ஒற்றுமையாகவில்லை. நோயாளியைக் குளிரில் போடக்கூடாது என்ற ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக நின்றார்கள், அது போதுமாக இருந்தது. அவர்களில் லாக்லே பாரெக் என்ற எஸ்தோனியப் பெண், 1949இல் சின்னப் பிள்ளையாகத் தாயோடும் பாட்டியோடும் சைபீரியாவுக்குக் கடத்தப்பட்டவர். 1992இல் தன் நாட்டின் உள்துறை அமைச்சரானார். ரதுஷின்ஸ்கயாவை 1986 அக்டோபர் 9ஆம் தேதி விட்டார்கள். ரேய்க்யவிக்கில் கோர்பச்சேவும் ரீகனும் சந்திப்பதற்கு இரண்டு நாள் முன்னால். அவருடைய விடுதலையும் பேரத்தில் வைத்த ஒரு காய்தான். 2017இல் இறந்தார்.

*

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். எதிரிக்குக் கத்தி கொடுப்பது.

மார்கரெட் புபெர்-நொய்மான், ஜெர்மன் கம்யூனிஸ்ட். ஹிட்லருக்குத் தப்பி மாஸ்கோவில் அடைக்கலம். கணவர் ஹைன்ஸ் நொய்மானை 1937இல் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். இவரை 1938இல் கைது செய்து கரகாந்தா முகாமுக்கு அனுப்பினார்கள். 1940 பிப்ரவரியில், ஸ்டாலினுக்கும் ஹிட்லருக்கும் ஒப்பந்தம் இருந்த காலத்தில், பிரெஸ்ட்-லிதொவ்ஸ்க் பாலத்தில் வைத்து இவரைக் கெஸ்டபோவிடம் ஒப்படைத்தது சோவியத் போலீஸ். அங்கிருந்து ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாம், ஐந்து வருஷம்.

ராவென்ஸ்ப்ரூக்கில் இருந்த ஜெர்மன் கம்யூனிஸ்ட் பெண்கள், சோவியத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னார். அன்றிலிருந்து இவரைத் துரோகி என்று ஒதுக்கிவைத்தார்கள். நாஜி முகாமுக்குள்ளே, அதே கொட்டடி, அதே சூப்பு, அதே சவுக்கு. அங்கேயும் ஒரு ஒதுக்கல். அவரோடு சிநேகமாக இருந்தவர் மிலெனா யெசென்ஸ்கா என்ற செக் பத்திரிகையாளர், 1944இல் அங்கேயே செத்துப்போனார். நொய்மான் பிழைத்து வந்து இரண்டு முகாமையும் பற்றி ஒரே புத்தகமாக எழுதினார். 1949இல் பாரிஸ் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அப்போதும் கேட்ட கேள்வி அதேதான்: இது யாருக்கு லாபம்?

அந்தக் கேள்வியை அந்த ஜெர்மன் தோழிகள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைப் பறிகொடுக்கப் பயந்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? சொன்ன பெண்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடணும். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்டதற்காக 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் பிடித்த கொடி செங்கொடி. சாணிப்பாலும் சவுக்கடியுமாக இருந்த தஞ்சையில் நிமிர்ந்து நிற்கச் சொன்ன கொடி அது. அதை யாரும் நம் வாயிலிருந்து மறக்கடிக்க முடியாது. இந்தோனேஷியாவில் 1965-66இல் கம்யூனிஸ்ட் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றபோது, கெர்வானி என்ற பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்களை விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். 1970களில் மத்திய ஜாவாவில் பிளாந்துங்கான் என்ற இடத்தில் அவர்களுக்குத் தனி முகாம். அங்கே சிறை வைத்தவன் கம்யூனிச எதிரி. எல்கெனில் சிறை வைத்தவன் கம்யூனிஸ்ட். வாசலில் தொங்குகிற பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவளுக்காக அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் விடுதலை பேச அருகதை இல்லாதவன்.

அம்பேத்கர் 1956 நவம்பர் 20ஆம் தேதி காட்மண்டுவில் புத்தரையும் மார்க்சையும் பற்றிப் பேசினார். சாவதற்கு இரண்டு வாரம் முன்னால். சுரண்டல் ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு மாறுபாடு இல்லை. வழியைப் பற்றித்தான் கேட்டார். சர்வாதிகாரம் போன பிறகு எது மிஞ்சும் என்று கேட்டார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் குருஷ்சேவ் தன் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் காலத்துக் கொலைகளைப் பற்றி மூடிய அறையில் பேசியிருந்தார். அம்பேத்கரின் கேள்விக்கு எல்கென் ஒரு பதில். அந்தப் பதிலை நாம் வலதுசாரிகளின் வாயிலிருந்து கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் வாயிலிருந்தே கேட்கலாம்.

நான் பேங்க் குமாஸ்தா. மார்ச் மாசம் வந்தால் டெபாசிட் டார்கெட் எங்கள் கழுத்தில் உட்காரும். 1937 ஜூலை 30ஆம் தேதி ஆணை எண் 00447ஐப் பற்றிப் படித்தபோது அதன் வடிவம் எனக்குப் பழக்கமாக இருந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் எண்ணிக்கை: இத்தனை பேரைச் சுடு, இத்தனை பேரை முகாமுக்கு அனுப்பு. கீழே இருந்த அதிகாரிகள் எங்களுக்கு இன்னும் கூடுதலாக ஒதுக்குங்கள் என்று எழுதிக் கேட்டார்கள். 1937, 1938 இரண்டு வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 6,80,000 பேருக்கு மரண தண்டனை. கடைசியில் கணக்கு முடித்த விதமும் எனக்குப் புரிகிற மொழிதான். 1955இல் ஓர் உத்தரவு. குற்றமற்றவர் என்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு, கைதான அன்று வாங்கிய சம்பளத்தில் இரண்டு மாதச் சம்பளம் இழப்பீடு. கின்ஸ்பர்க் 1937இல் உள்ளே போனார், 1955இல் குற்றமற்றவரானார். 18 வருஷம். மூத்த மகன் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் செத்துப்போனான். இளைய மகன் வசிலியை 1948இல், அவனுக்கு 16 வயசாகும்போதுதான் திரும்பப் பார்த்தார். இரண்டு மாதச் சம்பளத்தை எந்த லெட்ஜரில் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

இன்றைய நிலை என்ன? இந்தக் கைதிகளின் பெயர்களையும் வாக்குமூலங்களையும் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேகரித்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்கச் சொல்லி ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 28ஆம் தேதி தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் அந்த அமைப்புக்கு நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இப்போது அங்கே இருப்பது கம்யூனிஸ்ட் ஆட்சி இல்லை. ஆனாலும் பட்டியல் வெளியே தெரிவது அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆட்சி மாறும், கோப்பு மூடியே இருக்கும்.

முடிக்கிறேன். நமக்கு இதில் செய்வதற்கு இரண்டு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று: டிராக்டர் கிழவியை யாரோ கேட்டு எழுதினார்கள். நம் ஊர்களில் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகப்பட்ட, கலவரத்தில் வீடு இழந்த, கேசில் சாட்சி சொல்லிச் சலித்துப்போன பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வயதுக்கு நாளை என்பது உத்தரவாதம் இல்லை. மாணவத் தோழர்கள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள. அவர்கள் பேச்சு எப்படி வருதோ அப்படியே எழுதுங்க. திருத்தாதீங்க. நம் கொள்கைக்கு ஏற்றபடி வெட்டாதீங்க.

இரண்டு: நாளைக்கு நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு பெண் எழுந்து நின்று, எனக்கு இது நடந்தது என்று சொல்வாள். தலைவர் பெயரைச் சொல்வாள். அப்போது நம் வாயில் முதலில் வரக்கூடிய வார்த்தை எது என்று எனக்குத் தெரியும்: இந்த நேரத்தில் இது தேவையா, எதிரிக்கு லாபம் ஆயிடாதா? ராவென்ஸ்ப்ரூக் கொட்டடியில் கேட்ட அதே கேள்வி. அதை விழுங்கிவிட்டு, "உட்காரும்மா, என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு" என்று கேட்கக் கற்றுக்கொண்டால் போதும். கத்தி யார் கையில் போகும் என்ற கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.